ஐந்தாவதில் ப்ரோலின்

மார்ச் 6

முனைவர் பட்டம் பெற்ற தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "நலமா அக்கா" என்று ஆரம்பித்து ஏழாவது வரியில் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாய். என் நலத்துக்கு ஆறு வரி போதும் என்று முடிவு செய்திருக்கிறாய். நலம்தான். மகளின் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் பாதி நாள் ஓடாது; படியேறிப் பழகிவிட்டேன். இவள் சமையலறையில் எதற்கும் அளவு கிடையாது, எல்லாம் கைக்கு வந்தபடி. நான் ஓர் அளவுக் குவளை வாங்கி வைத்தேன். அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

நோட்டுப் புத்தகம் வராது. அது நிறுவனத்தின் சொத்து என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். இருபத்தேழு வருடம் லேபின் அந்த மூலை மேசையருகே நின்று நான் செய்த ஒவ்வொரு பெப்டைடும் அதில் இருக்கிறது. ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக, கோக்க வேண்டிய வரிசையை நீ எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கார்டையும் அதில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாட்டில் கழுவ வந்தவள் நான். பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை, நீயும்தான்.

போன அக்டோபரில் குழந்தை மருத்துவருக்காகச் செய்த பதினொரு அமினோ அமிலச் சங்கிலி வேலை செய்யவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிரிவுத் தலைவர் என்ற முறையில் நீ அறிக்கையில் என்ன எழுதினாய்? "தயாரித்தவரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்." தயாரித்தவர்! அக்கா என்று எழுத வேண்டாம். பெயரையாவது எழுதியிருக்கலாம். பதினொரு இணைப்பையும் ஒன்றுவிடாமல் சோதித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எழுதினாய். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அந்த ஒரு வரியை அடி. புத்தகம் மறுநாள் தபாலில் வரும். அதுவரை வராது.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். கடிதமென்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி வரை படித்தேன். இரண்டு முறை.

அந்த வரியை எழுதியது எனக்கும் இனிக்கவில்லை. ஆனால் என் நிலையில் இருந்து ஒரு நிமிடம் பார். எடை பார்க்கும் கருவியில் உன் பெப்டைடைப் போட்டோம். இருக்க வேண்டிய எடை அப்படியே இருந்தது. எதுவும் விட்டுப்போகவில்லை, எதுவும் இரண்டு முறை ஏறவில்லை. ஆனால் மருத்துவரின் சோதனையில் அது பிணமாகக் கிடந்தது. அவர் அதைத் தட்டில் ஒட்டவைத்து அதன்மேல் குழந்தைகளின் ரத்தத்தை விடுகிறார். அவர் தேடும் நோய் இருக்கும் குழந்தையின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் ஓடிவந்து இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. இயக்குநர் காரணம் கேட்டார். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதினால் திருப்பி அனுப்புவார். அதனால் "இருக்கலாம்" என்று எழுதினேன்.

மருத்துவர் ஏப்ரல் முடிவுக்குள் மறுபடியும் கேட்கிறார். உன் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. எடுக்கவும் மனமில்லை. நானே செய்து பார்க்கிறேன். அதற்குத்தான் புத்தகம் கேட்டேன். உன்னைச் சோதிக்க அல்ல.

உன் கோட்டு இன்னும் அதே ஆணியில்தான் இருக்கிறது. துவைக்க எடுத்த ஆளைத் திட்டிவிட்டேன்.

உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "ஒங்க ரெண்டு பேரையும் ஒரே பாட்டில்ல போட்டு அந்தக் குலுக்குற மெஷின்ல ஒரு மணி நேரம் வச்சாத்தான் ஒட்டுவீங்க" என்கிறாள் என் மனைவி. வேதியியல் தெரியாதவள் சொன்னது என்று விட்டுவிடு.

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

நம் வீட்டில் வேதியியல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று சொல்.

நீயே செய்யப் போகிறாயா? பத்து வருடமாக நீ குலுக்கியின் பக்கம் வந்ததில்லை. வந்தாலும் ஒரு கையில் டீயோடு வருவாய். பிப்பெரிடின் திரவத்தின் நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நீ. சரி, செய். உலகம் ஒரு அதிசயம் பார்க்கட்டும்.

நேற்று லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. கீழ்வீட்டு அம்மாவும் நானும் உள்ளே. அவர் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டார்.

"லேப்ல இருந்தீங்களாமே, என்ன வேலை?"

"கோக்கிற வேலை."

"என்னது, மணியா?"

"அமினோ அமிலம்."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை எப்படிங்க கோப்பீங்க?"

நல்ல கேள்விதானே? நம் இயக்குநர் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. லிஃப்ட் கிளம்ப இருபது நிமிடம் ஆனது. நான் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

மணி கோப்பது மாதிரி இல்லை அம்மா என்றேன். மணிக்கு முன்பின் கிடையாது, எந்தப் பக்கமும் நூல் நுழையும். அமினோ அமிலத்துக்கு இரண்டு கை, இரண்டும் வேறு வேறு. ஒன்று அமைன் கை, மற்றது அமிலக் கை. ஒன்றின் அமிலக் கை அடுத்ததின் அமைன் கையைத்தான் பிடிக்கும். பிடிக்கும்போது அதிலிருந்து கொஞ்சம், இதிலிருந்து கொஞ்சம் கழன்று ஒரு நீர் மூலக்கூறாகப் போய்விடும். மிஞ்சுவது பிணைப்பு. அதுதான் பெப்டைடுப் பிணைப்பு. நம் உடம்பில் இது நொடிக்கு நொடி தானாக நடக்கிறது. பாட்டிலில் தானாக நடக்கவிட்டால் எல்லாம் எல்லாவற்றையும் பிடித்துக் கூழாகிவிடும். அதனால் வருகிற ஒவ்வொன்றின் அமைன் கைக்கும் ஒரு தொப்பி போட்டு அனுப்புவோம். முதல் ஆளைப் பிசின் குருணையில் ஒட்டவைத்து, தொப்பியைக் கழற்றி, அடுத்த ஆளை விட்டு, குலுக்கி, கழுவி, மறுபடி தொப்பியைக் கழற்றி, மறுபடி அடுத்த ஆள்.

"கைய புடிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

நாலு குருணையை எடுத்து நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்கினால் போதும். வெறுங்கையோடு யாராவது நின்றால் குருணை நீலமாகும். எல்லோரும் பிடித்துவிட்டால் நிறம் மாறாது. மற்றவர்கள் ஏற்றிய பிறகு ஒரு முறை பார்ப்பார்கள். நான் தொப்பியைக் கழற்றிய பிறகும் ஒரு முறை பார்ப்பேன், கை நிஜமாகவே திறந்திருக்கிறதா என்று. ஒரு சங்கிலிக்கு இருபத்திரண்டு சோதனை. அந்தக் கவனத்துக்குத்தான் நீ கவனக்குறைவு என்று பெயர் வைத்தாய்.

அந்த அம்மா வெளியே வந்ததும் தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "மேல்வீட்டு அக்கா பெரிய வேலை பாத்திருக்காங்க, நமக்குத்தான் தெரியல." கேட்டாயா?

புத்தகம் வராது. ஆனால் குழந்தைகள் விஷயம் என்பதால், எதிலாவது தடுக்கினால் கேள். அந்தப் பக்கத்தை மட்டும் கையால் பகர்த்தி அனுப்புகிறேன்.

அக்கா

பி.கு. கோட்டைத் துவைக்கலாம். அழுக்காகத்தான் போட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தடுக்கிவிட்டேன்.

முதல் நாள் குருணையைக் கழுவும்போது குழாயைத் திறந்து மறந்து, கால்வாசி தொட்டியில் போனது. சிரிக்காதே. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஏழாவது வரை ஏற்றிவிட்டேன். நாற்றம் சட்டையிலிருந்து போகவில்லை. வீட்டில் சட்டையை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

உன்னைப் போலவே இரண்டு முறை சோதிக்கிறேன். ஆறு வரை பாடப் புத்தகம் மாதிரி நடந்தது. ஏழாவதின் தொப்பியைக் கழற்றியதும் நீலம் வரவில்லை, ஒரு மாதிரி செம்பழுப்பு வந்தது. எட்டாவதை ஏற்றினேன். மூன்று மணி நேரம் குலுக்கினேன். அப்போதும் செம்பழுப்பு. இன்று காலை புதிதாகக் கரைத்து மறுபடி ஏற்றினேன். கொஞ்சம் மங்கியது, போகவில்லை. எட்டாவது ஆள் உள்ளே வர மறுக்கிறான்.

நீ இதை எப்படி ஏற்றினாய்? நீ செய்தபோது முகம் சுளித்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாய். நான் அந்தப் பக்கம் போனால், "தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத" என்பாய்.

உன் பதினொரு இணைப்புக்குப் பின்னால் எவ்வளவு நிற்க வேண்டியிருக்கிறது என்று என் முழங்கால் இப்போது சொல்கிறது. இதை அறிக்கையில் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

முழங்காலுக்கு ரப்பர் பாய் என் மேசைக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறது. விரித்துக்கொள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றால் வலிக்காது.

செம்பழுப்பு வந்தால் பயப்படாதே, அது ப்ரோலின். மற்ற எல்லோருக்கும் அமைன் கை நேராக நீட்டியிருக்கும். இவனுக்கு மட்டும் அது உடம்போடு வளைந்து வளையமாக ஒட்டியிருக்கும். அதனால் நின்ஹைட்ரினுக்கு நீலம் காட்ட மாட்டான். அந்தக் கையை அடுத்தவன் பிடிப்பதும் கஷ்டம், இடம் நெருக்கடி. ஒரே ஏற்றில் வராது. இரண்டு ஏற்றிலும் எனக்கு வந்ததில்லை. மூன்றாவது முறை, கரைப்பானைக் குறைத்து, கெட்டியாக, நல்ல வேகமான இணைப்பியைப் போட்டு, மதியம் முழுவதும் குலுக்கு. குலுக்கியை எட்டில் வை, பத்தில் வைத்தால் குருணை கண்ணாடியில் ஒட்டும். மூன்றாவதில் ஏறிவிடும். ஏறாவிட்டால் எனக்கு எழுது, நான் அவனைத் திட்டி ஒரு கடிதம் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. படித்த பிள்ளைக்கு ஒன்று, இரண்டு எண்ண வராதா? ப்ரோலின் ஏழாவது இல்லை, ஐந்தாவது. தொல்லை கொடுப்பது ஆறாவது, எட்டாவது இல்லை. இந்தா, என் புத்தகத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து பகர்த்துகிறேன்:

"4 ஏற்றியாயிற்று. நிறமில்லை. தொப்பி கழற்றி: நீலம். 5 ஏற்றியாயிற்று. நிறமில்லை. தொப்பி கழற்றி: செம்பழுப்பு. ப்ரோ. 6 ஒரு முறை: செம்பழுப்பு. 6 இரண்டாம் முறை: லேசாக. 6 மூன்றாம் முறை: நிறமில்லை. டீ குடித்தேன். 7 ஏற்றியாயிற்று, ஒரே முறை."

பார்த்தாயா? டீ வரைக்கும் எழுதியிருக்கிறேன். ஐந்தில் வந்தவனை ஏழு என்கிறாய். இடையில் எதையாவது இரண்டு முறை ஏற்றித் தொலைத்தாயா? போய் எடையைப் பார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னைக் கவனக்குறைவு என்று எழுதினாய்!

உன் வீட்டில் சட்டையை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல். நாற்றம் போகும்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

எட்டாவது ஏறிவிட்டது. நீ சொன்னபடி மூன்றாவது முறையில்.

நான் எண்ணியதில் தவறு இல்லை. கோப்பில் தட்டச்சு செய்த வரிசையை விரல் வைத்து எண்ணினேன். பதினொன்றில் ப்ரோலின் இடமிருந்து ஐந்தாவது. நாம் கடைசி ஆளைத்தானே முதலில் குருணையில் ஒட்டவைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கட்டுகிறோம்? அப்படி வந்தால் அது ஏழாவது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அக்டோபரில் நான் கொடுத்த கார்டு உன் புத்தகத்தில் ஒட்டியிருக்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் பார். இடது ஓரத்தில், முதல் எழுத்துக்கு மேலே, பென்சிலில் ஏதாவது இருக்கிறதா?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

இருக்கிறது.

சின்ன அம்பு ஒன்று, வலப்பக்கம் பார்த்து. அதன் பக்கத்தில் "இங்கிருந்து" என்று உன் கையெழுத்தில். எறும்பு ஊர்ந்த மாதிரி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் படித்தாள்.

நான் கார்டை எப்போதும் வலது கோடியிலிருந்துதான் எடுப்பேன். உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடமாக அப்படித்தான். நீ இடமிருந்து எழுதுவாய், நான் வலமிருந்து கட்டுவேன்.

இது என்ன அம்பு?

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. எப்படி வந்தாலும் அனுப்பிவிடுகிறேன்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள் உன் மேசைப் பக்கம் வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. கார்டை மூக்குக்கு அருகில் பிடித்து, வலது கோடியில் விரலை வைத்து, பின்னோக்கி ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு வந்தாய். நடுவில் விரல் நழுவியது. மறுபடி கோடியிலிருந்து ஆரம்பித்தாய். மூன்று முறை. "கண்ணைக் காட்டினாயா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "ஒங்கண்ண பாத்துக்க" என்பாய். ஒரு வாரம் பேச மாட்டாய்.

அதனால் கேட்காமல் ஓர் உதவி செய்வதாக நினைத்தேன். அடுத்து எழுதிய அக்டோபர் கார்டை நானே தலைகீழ் வரிசையில் எழுதினேன். நீ இடமிருந்து வலமாகச் சாதாரணமாகப் படித்துக்கொண்டே போகலாம், பின்னோக்கித் தடவ வேண்டாம். உன்னிடம் சொல்லாமல் ஓர் அம்பு மட்டும் போட்டேன். அதையும் சின்னதாகப் போட்டேன். பெரிதாகப் போட்டால், உன் கண்ணைக் குறை சொல்கிறேன் என்று நினைப்பாயே!

நான் ஒருமுறை திருப்பினேன். அது தெரியாமல் நீ உன் வழக்கப்படி ஒருமுறை திருப்பினாய். தலையாக இருக்க வேண்டியது வாலாகிவிட்டது. அதே பதினொரு பேர், அதே எடை. கருவிக்கு எடைதான் தெரியும், யார் யார் பக்கத்தில் எந்தக் கையைப் பிடித்து நிற்கிறார்கள் என்று தெரியாது. குழந்தைகளின் ரத்தத்துக்குத் தெரிந்தது. அதனால் தொடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை ஒரே முறையில் எழுதியிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. அறிக்கை எழுத உட்கார்ந்த அன்று ஒரு கணம் அந்தக் கார்டு என் நினைவுக்கு வந்தது. "அம்பு போட்டிருந்தோமே, அக்கா பார்த்திருப்பாள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் வந்து கேட்க இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. கேட்டால், உனக்குக் கண் தெரியவில்லை என்று நான் நினைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவேளை தவறு என்னுடையதாக இருந்தால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் அந்த வரியை எழுதினேன். நீ போன பிறகு அந்த நினைவை வரவே விடவில்லை. உன் புத்தகத்தில் "ஐந்தாவது செம்பழுப்பு" என்று படித்த பிறகுதான் தப்பிக்க வழியில்லாமல் போனது.

இயக்குநர் வெளியூர் போயிருக்கிறார், இருபத்தெட்டாம் தேதி வருகிறார். அன்று புதிய அறிக்கை கொடுக்கப் போகிறேன். முழுத் தவறும் என்னுடையது, தயாரித்தவர் மீது எந்தக் குறையும் இல்லை என்று. நீ கேட்டது போல அந்த வரி அடிக்கப்படும். பிரிவுத் தலைமையை எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். எனக்கு அது பெரிதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இப்போதைக்கு அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

எட்டாவதோடு நிறுத்தியிருக்கிறேன். தொப்பியைக் கழற்றாமல் குருணையைக் கழுவி, உலர்த்தி, குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று இருக்கிறது. கை ஓடவில்லை.

உன் மன்னிப்பைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி

ஏப்ரல் 23

தம்பிக்கு,

இதைச் சாதாரணத் தபாலில் போட்டு அது ஓரிரு நாள் பிந்தினாலும், நீ இருபத்தெட்டாம் தேதி முட்டாள்தனம் செய்த பிறகுதான் வந்து சேரும். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். அந்த அறிக்கையைக் கொடுக்காதே.

முதலில் என் கோபம். நீ கார்டைத் திருப்பி எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. அறிக்கையன்று நினைவு வந்தும் இருபது அடி நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதில்தான். அந்த வரியைப் படித்துவிட்டு மூன்று மாடி இறங்கிப்போய், தெருவைச் சுற்றிவிட்டு வந்தேன். இதற்கு உன்னோடு ஆறு மாதம் பேசக் கூடாது. அக்டோபரிலிருந்து எண்ணினால் ஆறு மாதம் ஏற்கெனவே ஆகிவிட்டது. அதைக் கழித்துக்கொள்கிறேன்.

இரண்டாவது. இதை நான் லேபில் யாரிடமும் சொன்னதில்லை. என் வலது கண்ணில் திரை விழுந்து அப்போதே எட்டு மாதம் ஆகியிருந்தது. இடது கண் அரைகுறை. நிறம் தெரியும், வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்தால் எந்த நிறமும் தப்பாது. எழுத்துதான் போய்விட்டது. பாட்டில்களை உயரம் வைத்தும் மூடியின் நிறம் வைத்தும் எடுப்பேன், பிறகு பூதக்கண்ணாடியை உள்ளங்கையில் மறைத்துச் சரிபார்ப்பேன். பட்டம் இல்லாதவளுக்குக் கண்ணும் இல்லை என்றால் மறுநாள் அந்த மேசையில் யார் நிற்கவிடுவார்கள்? "வயசாச்சும்மா, போதும்" என்று ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பியிருப்பார்கள். அதனால் ஒளித்தேன். நீ போகும்போதெல்லாம் "வெளிச்சத்த மறைக்காத" என்று விரட்டினேனே, அது வெளிச்சத்துக்காக இல்லை. நீ கிட்டத்தில் வந்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று.

டிசம்பரில் மகள் என்னை இழுத்துக்கொண்டு போய் அறுவை செய்து வைத்தாள். இப்போது எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிற கொடியின் முடிச்சுகூடத் தெரிகிறது. அதனால்தான் உன் எறும்பு அம்பு தெரிந்தது. அக்டோபரில் அதைச் சுவர் அளவுக்கு வரைந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்.

ஆகவே இது உன் தவறு மட்டும் இல்லை. நீ எவ்வளவு பெரிய முனைவராக இருந்தாலும், இதை முழுசாக எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை கிடையாது. பாதி என்னுடையது. ஆறு மாதமாக என் பெயரில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று உன்னோடு மல்லுக்கு நின்றவள்தான் சொல்கிறேன். என் பாதியை எனக்குத் தராமல் நீ அறிக்கை கொடுத்தால், நானே இயக்குநருக்குத் தனியாக ஒரு கடிதம் போடுவேன். என் கடிதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அறிக்கையை நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றாதே:

"கார்டை எழுதியவர் வரிசையைத் திருப்பி எழுதினார், தயாரித்தவரிடம் சொல்லவில்லை. தயாரித்தவருக்குக் கண் சரியில்லை, எழுதியவரிடம் சொல்லவில்லை. ஆகவே சங்கிலி தலைகீழாகக் கட்டப்பட்டது. பதினொரு இணைப்புகளும் முழுமையாக நடந்தன."

கடைசி வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். அது உண்மை. கீழே உன் பெயர், அதன் கீழே என் பெயர். இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

இதற்காக உன் தலைமையை எடுத்தால் எடுக்கட்டும், என்னை வெளியே போகச் சொன்னால் சொல்லட்டும். அந்த மூன்றையும் ஏற்றி முடித்துக் குழந்தை மருத்துவரின் கையில் கொடுக்கும் வரை நான் அந்த மேசையைவிட்டு அசைய மாட்டேன். இயக்குநர் வேண்டுமானால் என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொள்ளட்டும்.

இனி கார்டு வேண்டாம். நீ கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்று ஒவ்வொன்றாக வாயால் சொல். நான் திருப்பிச் சொல்கிறேன். நீ தலையாட்டு. அப்புறம் நான் ஏற்றுகிறேன்.

ஞாயிறு ரயிலில் கிளம்புகிறேன். மகள் அழுதாள். பிறகு அளவுக் குவளையிலிருந்து பேனாக்களை எடுத்துவிட்டு, அதைக் கழுவி என் பெட்டியில் வைத்துவிட்டாள், இங்கே அது தேவைப்படாதாம். ஸ்டேஷனுக்கு வராதே. நீ வந்தால் பெட்டியை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடிப்பாய், அப்புறம் உன் இடுப்புக்கு யார் தைலம் தேய்ப்பது? நான் நேராக லேபுக்கு வருகிறேன். திங்கள் காலை எட்டரைக்கு இருப்பேன்.

எட்டு மணிக்கே போய்க் குருணையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கரைப்பானில் ஊறப்போட்டுவிடு. உலர்ந்து சுருங்கியிருக்கும். அரை மணி நேரம் ஊறினால்தான் உள்ளே இருப்பவர்கள் கைக்கு எட்டுவார்கள்.

அக்கா